சாதாப் பெட்ரோலும் சம்பந்தியும்

பெட்ரோல் பங்கில் காரைவிட்டு இறங்காமல், கண்ணாடியை மட்டும் இறக்கிப் பேசுகிறவர்களின் நம்பிக்கை எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை. நான் இறங்கிவிடுவேன். மீட்டரில் பூஜ்யம் விழுந்ததைப் பார்ப்பேன். எந்தக் குழாயைக் கையில் எடுக்கிறார்கள் என்று பார்ப்பேன். பிறகுதான் டேங்க் மூடியைத் திறக்க விடுவேன். கேட்காமலே பிரீமியம் குழாயை நீட்டும் பழக்கம் நம் பக்கத்துப் பங்குகள் சிலவற்றில் வந்துவிட்டது. நானோ கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆக்டேன் எண் பெட்ரோலின் வீரியத்தைச் சொல்வதன்று. எஞ்சினின் அழுத்தத்தில், பொறி வருமுன் தானாகப் பற்றிக்கொள்ளாமல் பொறுத்திருக்கும் தன்மையைச் சொல்வது. தொண்ணூற்றொன்று போதும் என்று கட்டப்பட்ட எஞ்சினுக்குத் தொண்ணூற்றைந்தை ஊற்றுவதால் அதற்குத் தனிப் பெருமை எதுவும் வந்துவிடாது.

இவ்வளவு தெரிந்த என்னுடைய காரிலேயே, பெட்ரோல் அப்படி முன்கூட்டிப் பற்றிக்கொள்ளும்போது எழும் சத்தம் வந்தது. பசுமலையிலிருந்து ஊருக்குள் போகும் வழியில், பாலம் ஏறும்போது, தகர டப்பாவில் மொச்சையைப் போட்டுக் குலுக்குவதுபோல் முன்னாலிருந்து கேட்டது. முதலில் பங்கைச் சந்தேகித்தேன். வடிதாள், அதாவது ஃபில்டர் பேப்பர், கேட்டு வாங்கி, ஒரு சொட்டு விட்டு, காய்ந்தபின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கலப்படத்தைக் காட்டும் கறை இல்லை. பங்கை மாற்றினேன், சத்தம் மாறவில்லை. இப்போதெல்லாம் எத்தனால் கலந்து வருகிறதே, அதுதான் காரணம் என்று காலை நடையில் உடன் வரும் நண்பர்கள் அடித்துச் சொன்னார்கள். எத்தனால் ஆக்டேனைக் கூட்டுமே ஒழியக் குறைக்காது என்று நான் சொன்னதை அவர்கள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. மெக்கானிக், எஞ்சினைப் பிரித்துக் கரி எடுக்க வேண்டும் என்றார். பிரிப்பதில் அவர் காட்டிய உற்சாகம் எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில், மனமில்லாமல், பிரீமியம் போட்டுப் பார்த்தேன். சத்தம் நின்றது. பெட்ரோல் குற்றவாளியா, எஞ்சின் குற்றவாளியா என்பது மட்டும் விளங்கவில்லை.

இந்த நிலையில்தான் பேரையூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த என் மகள் போனில் பேசினாள்.

"அப்பா, மாமா நம்ம வண்டியக் கேக்குறாக. கொழுந்தனாருக்கு வேணுமாம். வெளிய வண்டி தேடி அலையறதுக்கு, நம்ம சம்பந்தி வண்டின்னா நம்பி வாங்கலாம்னு சொல்றாக."

"தாராளமாக வாங்கட்டும். என் வண்டியில் ஒரு குறையும் கிடையாது."

"அப்படியே சொல்லிரவா? இருந்துச்சுன்னா இப்பவே சொல்லிருங்கப்பா. பெறகு அடுப்படியில நிக்கயில நாந்தேன் ஏச்சுக் கேட்டுக்கிட்டு நிக்கணும்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குறையில்லை என்ற சொல் அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வந்தார். பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற சம்சாரி; வெள்ளை வேட்டியில் மடிப்புக் கலையாமல் பஸ்ஸில் வருகிற வித்தை அவருக்குக் கைவந்தது. காப்பி குடித்ததும், ஓட்டிப் பார்க்கலாம் என்று புறப்பட்டோம். பெட்ரோல் முள் அடியில் கிடந்தது.

"பங்குல விடுங்க சம்பந்தி. இன்னைக்கு நாந்தேன் போடுவேன்" என்றார்.

பங்கில் காக்கிச் சட்டை போட்ட பெண் கேட்டாள்: "நார்மலா, பிரீமியமாய்யா?"

நான் சம்பந்தியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"வண்டி உங்களுது. நீங்க சொல்லுங்க."

"போடுவது நீங்கள். நீங்களே சொல்லுங்கள்."

சம்பந்திகளுக்குள் இப்படித்தான். ஒரு வாழைப்பழத்தை யார் முதலில் எடுப்பது என்பதற்கே கால் மணி நேரம் ஆகும். பின்னால் பைக்கில் நின்ற ஒருவர் பொறுமை இழந்தார்: "அண்ணே, பொண்ணு பாக்க வந்தீகளா, பெட்ரோல் போட வந்தீகளா? சட்டுனு சொல்லுங்கண்ணே!"

சம்பந்திக்கு முகம் சிவந்தது. "நம்ம சம்பந்தி வண்டிக்குச் சாதாப் பெட்ரோலா? ஒசந்ததையே போடும்மா."

அந்தப் பெண் குழாயை எடுத்துவிட்டாள். நான் வாயைத் திறக்காதிருந்தால் போதும். பாலத்தில் சத்தமே வராது, என் சொல்லும் நிற்கும். ஆனால் அவர்கள் ஊரில் அடுத்த வாரமே சாதாப் பெட்ரோல்தான் போடுவார்கள். அப்போது எழும் சத்தத்துக்கு அடுப்படியில் பதில் சொல்ல வேண்டியவள் யார்?

"வேண்டாம். சாதாரணமே போடுங்கள்" என்றேன்.

"ஏன் சம்பந்தி, அம்புட்டுச் செலவு பண்ண எங்களுக்கு வக்கில்லேன்னு நெனச்சீகளா?"

"அப்படியில்லை. பாலத்தில் சொல்கிறேன்."

அவர் பணத்தை அந்தப் பெண்ணிடம் நீட்டிய விதத்திலேயே புண்பட்டிருந்தது தெரிந்தது. பாலத்தில் ஏறியதும் மொச்சை குலுங்கியது. ஏற்றம் முடியும்வரை ஆக்ஸிலரேட்டரிலிருந்து நான் காலைத் தளர்த்தவில்லை.

"கேட்டீர்களா? இதற்காகத்தான். தொண்ணூற்றைந்து போட்டால் இது வராது. போட்டு உங்களிடம் காட்டியிருக்கலாம்; எனக்கு அது சம்மதமில்லை."

சம்பந்தி நாகமலைப் புதுக்கோட்டை தாண்டியபின் மெதுவாகச் சொன்னார்: "வண்டியக் குடுக்க இஷ்டமில்லேன்னா வீட்டுலயே சொல்லியிருக்கலாமே சம்பந்தி. நல்ல மாட்ட எவனாச்சும் சந்தையில நொண்ட விட்டுக் காட்டுவானா?"

நான் திகைத்துப்போனேன். என் நேர்மையில் அவர் கண்டது, விற்க மனமில்லாதவனின் தந்திரம். மறுத்துப் பேசப் பேச அவருடைய சந்தேகம் உறுதிப்பட்டது. இவ்வளவு தூரம் மறைக்கப் பார்ப்பதென்றால் வண்டி அருமையான வண்டியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அந்த வாரமே வந்து, ஒரு சொல் பேரம் பேசாமல், காரை எடுத்துப் போனார். சாவியைக் கொடுக்கையில், பிரீமியமே போடுங்கள் என்று மறுபடி சொன்னேன். "அட, விடுங்க சம்பந்தி!" என்று ஏதோ ரகசியத்தைக் கண்டுகொண்டவர்போலச் சிரித்தார்.

இப்போது மகளிடம் பேசும்போதெல்லாம், வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்கிறேன்.

"நல்லாத்தேன் ஓடுதுப்பா."

"என்ன பெட்ரோல் போடுகிறார்கள்?"

"சாதாதான். இங்க வேற எங்க போயி வாங்க?"

"சத்தம் வருகிறதா?"

"இந்தக் கரிசக்காட்டுல ஏத்தம் ஏதுப்பா? ரோடு தட்டாட்டம் கெடக்கு. சத்தமெல்லாம் ஒண்ணும் வரலை."

அறிவியல்படி அது சரியான விடைதான். பாரம் இழுக்காத எஞ்சின் சத்தம் போட வேண்டியதில்லை. எனினும் அவள் அதைச் சொல்லும் வேகம் எனக்குப் பிடிபடவில்லை. கேள்வி முடியுமுன்பே பதில் வந்துவிடுகிறது. என் பெயரைக் காப்பாற்ற அங்கே அவள் ஏச்சு எதையாவது கேட்டுக்கொண்டு, இங்கே என்னிடம் மறைக்கிறாளோ என்று, பேசி முடித்த பின்னும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.