எல்லோரும் வெளியூர் போன ஞாயிறு

வெள்ளிக்கிழமை சாயந்திரமே என் மகள் ஆரம்பித்துவிடுவாள். "அப்பா, சனி ஞாயிறு இன்னா ப்ளான்?" எனக்கு ப்ளான் என்று ஒன்றும் இருக்காது. கறி வாங்கி வந்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்தால் திங்கட்கிழமை. போன வாரம் அவளே ஒன்று வைத்திருந்தாள். வீட்டு டிவியில் படம் மங்கிவிட்டது, அதை மாற்ற வேண்டும். மாற்றுவதோடு, அடியில் நீளமாக வைக்கிற சவுண்ட்பாரும் சேர்த்து வாங்க வேண்டும். வேலூருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றாள். போனோம்.

கடையில் எங்களை ஒரு சோபாவில் உட்காரவைத்து, ஒரு பெண் எதை எதையோ ஓடவிட்டுக் காட்டினாள். பக்கத்தில் யாரோ வாங்கிய புதுப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தெர்மகோல் கிறீச்சிட்டது. கூடவே அந்த வாசனை. புது பிளாஸ்டிக்கும் அட்டையும் கலந்த, கொஞ்சம் இனிப்பான வாசனை. பலருக்கு அது பிடிக்கும். எனக்கு ஆகாது. "நல்லாருக்கு, யோசிச்சு சொல்றோம்" என்று எழுந்துவிட்டேன். திரும்பி வரும்போது கண்ணமங்கலம் தாண்டும் வரை மகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

நான் அரிசி ஆலையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த காலம். ஆரணி கொசப்பாளையத்தில் எங்கள் வீட்டில் ஒரு பெரிய பெட்டி டிவியும் ஒரு டெக்கும் இருந்தன. டெக் என்றால் இப்போது எத்தனை பேருக்குத் தெரியுமோ. வீடியோ கேசட்டைப் போட்டால் 'டொக்' என்று விழுங்கிக்கொள்ளும் கறுப்புப் பெட்டி. அதற்கு அடிக்கடி சளி பிடிக்கும். படத்தில் பனி கொட்ட ஆரம்பித்தால் மேல்மூடியைக் கழற்றி, தாளில் ஸ்பிரிட் நனைத்து, உள்ளே சுழலும் உருளையைத் துடைப்பேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் மணக்கிற வாசனைகள் இரண்டு. ஒன்று அந்த ஸ்பிரிட். இன்னொன்று அம்மா சுடுகிற மசால் வடை. இரண்டில் எது முதலில் வந்தாலும் கஜா வந்துவிடுவான் என்று அம்மா சொல்வாள்.

கஜேந்திரன் என் பள்ளித் தோழன். பட்டுச்சேலை வியாபாரி ஒருவரிடம் வேலை பார்த்தான். சேலைகளைப் பெட்டி கட்டி வெளியூர்க் கடைகளுக்குக் கொண்டுபோகிற வேலை. அவனோடு கைக்கடிகாரம் ரிப்பேர் செய்கிற அன்வரும் வருவான். தெருவில் இன்னும் சில பேர். யாரையும் கூப்பிட்டதில்லை. கதவு திறந்தே இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அவரவர் இடத்தில் உட்கார்ந்து, "இன்னா படம்டா இன்னிக்கி?" என்பார்கள். ஊரிலேயே பெரிய மனிதன் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. டெக் வைத்திருந்தவனுக்கே அப்படி இருந்தால் தியேட்டர் வைத்திருந்தவர்கள் எப்படித்தான் தரையில் நடந்தார்களோ.

மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நைனா உட்கார்ந்திருப்பார். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பல வருஷமாக பவர்லூம் ஷெட்டில் வேலை. ஞாயிறு ஒருநாள்தான் தறிச் சத்தம் இல்லாமல் இருப்பார். படத்தில் சிரிப்பு வந்தால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அவர் சிரிப்பார். நிதானமான மனுஷன் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்போதுதான் டிவிடி வந்தது. தனியாக வரவில்லை, ஐந்து ஸ்பீக்கரையும், மேஜைக்கடியில் வைக்கிற ஒரு பெரிய பெட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தது. மார்க்கெட் ரோட்டுக் கடையில் ஒன்றை வைத்திருந்தார்கள். வாங்கலாமா, இருக்கிற டெக்கே போதுமா என்று சில வாரங்கள் எனக்கு இதே நினைப்பு. ஆலையில் மூட்டை ஏற்றும்போதும் அதே. அன்வரைக் கேட்டேன், ஆலை மேஸ்திரியைக் கேட்டேன், கேசட் கடைக்காரரைக்கூடக் கேட்டேன். அவர் வேறு என்ன சொல்வார்? கடைசியில் கஜாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

நடுவில் ஒரு நாற்காலி போட்டு கஜாவை உட்காரவைத்தார்கள். ஹெலிகாப்டர் ஒன்று அவனுக்குப் பின்னால் கிளம்பி, தலைக்கு மேலே போய், முன்னால் இறங்கியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அவன் கண்ணைத் திறக்கவில்லை. வெளியே வந்ததும் பீடா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு சொன்னான்:

"வாணாம்டா. சும்மா காதைக் கிழிக்குது. இதுல ஒரு கீறல் வுழுந்தா தட்டு அப்பிடியே நின்னுபூடும், பேஜாரு. உன் டெக்கு நல்லாத்தான ஓடிகினு கீது?"

"நெஜமாத்தான் சொல்றியா?"

"உன்னாண்ட நான் பொய் சொல்வனா?"

எனக்கு நிம்மதியாகிவிட்டது. முடிவெடுக்கும் பாரத்தை நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறவனைவிட நல்ல நண்பன் உண்டா? வீட்டுக்கு வந்து டெக்கின் மேல் அம்மா போட்டிருந்த பூவேலைத் துணியை நீவிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு என்று நினைவு. கேசட் வாடகைக்கு வாங்கி வைத்துவிட்டேன். எல்லோரும் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த படம். சனிக்கிழமையே கஜா சொல்லிவிட்டான், கண்ணமங்கலத்தில் மாமியார் வீட்டுக்குப் போகிறானாம். அவனுக்குக் கல்யாணமாகி அப்போது சில மாதங்கள்தான். அன்வர் வேலூருக்கு உறவுக்காரர் வீட்டுக்கு. தெருக்காரர்கள் ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். ஞாயிறு காலை நைனா வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, "போளூர்ல உங்க சித்தப்பனுக்கு ஒடம்பு சரியில்லையாம். பார்த்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார்.

யாரும் வர மாட்டார்கள் என்பதை அம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டேன். வழக்கம்போல் எல்லோருக்கும் சேர்த்துப் பருப்பு ஊறவைத்துவிட்டாள். சுட்டு அடுக்கிய பிறகு, "யாரும் வர்லியா?" என்று வாசலைப் பார்த்தாள். எனக்குத் தனியாகப் படம் பார்க்கப் பிடிக்கவில்லை. கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறு ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சைக்கிளை எடுத்தேன்.

கேசட் கடைக்குப் போக கஜா வீட்டுத் தெரு வழியாகத்தான் போகவேண்டும். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. படச் சத்தம். அதற்கு மேலே சிரிப்புச் சத்தம். அன்வரின் சிரிப்பு எனக்குத் தெரியும். விக்கல் மாதிரி இருக்கும். கஜா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. வாசலில் செருப்புகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி. அந்தக் குவியலில் ஓரமாக, ஒழுங்காகச் சேர்த்துவைத்த ஒரு ஜோடி. வார் அறுந்து, நைலான் கயிற்றால் தைத்த செருப்பு. அந்தத் தையலைப் போட்டவன் நான்.

கதவைத் தட்டினேனா, தள்ளினேனா என்று ஞாபகமில்லை. உள்ளே அந்தப் புது வாசனை. அட்டைப் பெட்டியும் தெர்மகோலும் சுவரோரம் கிடந்தன. மார்க்கெட் ரோட்டுக் கடையில் பார்த்த அதே செட். நாலு மூலையிலும் ஸ்பீக்கர். கஜா ரிமோட்டை அமுக்கினான். எங்கள் டெக்கில் நிறுத்தினால் படம் நடுங்கும், கோடு கோடாக ஓடும். இதில் அசையாமல் நின்றது. அத்தனை பேரும் அதே மாதிரி நின்றுபோனார்கள். நைனா மட்டும், ஏன் நிறுத்தினார்கள் என்று தெரியாமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத்தான் நடு இடம் கொடுத்திருந்தார்கள்.

கஜாவின் மனைவி ஒன்றும் தெரியாமல், "வாங்கண்ணா, இப்பதான் ஆரம்பிச்சிது" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். புதுப் பெண். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். திரும்பிப் போனால் அந்தப் பெண்ணை அவமானப்படுத்தியதாகும். உட்கார்ந்தேன். மடியில் திருப்பிக் கொடுக்காத கேசட். படம் ஓடியது. ரொம்ப நன்றாக இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. கேட்கச் சகிக்காத சத்தமாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

படம் முடிந்ததும் யாருடனும் பேசாமல் சைக்கிளைத் தள்ளினேன். கஜா பின்னாலேயே ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்தான்.

"கோச்சிக்காதடா."

"வாணாம்னு சொன்னியேடா. காதைக் கிழிக்குதுன்னு சொன்னியே."

"ஆமா, சொன்னேன். உன்னாண்ட உண்மையைச் சொல்லியிருந்தா அன்னிக்கே நீ வாங்கியிருப்ப. அப்புறம் என் வூட்டுக்கு எவன் வருவான்?" அவன் ஹேண்டில்பாரை விடவில்லை. "எத்தினி வருசமா உன் வூட்டாண்ட வந்து குந்திகினு கீறேன். ஒருநாளு எவனாச்சும் என் வூட்டு வாசல மிதிச்சானா? அவ கேக்கறாடா, உங்களத் தேடி யாருமே வர மாட்டாங்களான்னு."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமில்ல?"

ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்துவிட்டான். கூப்பிட்டிருந்தால், நான் நுழைந்த நிமிஷத்தில் அது என் வீடாகிவிடும் என்று பயந்திருப்பான். இது இப்போது தோன்றுவது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு தெருவே சேர்ந்து என்னிடம் பொய் சொல்லியிருக்கிறது என்பதுதான்.

நைனா விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். அம்மா பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்ததுபோக மிஞ்சிய வடை தட்டில் இருந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போளூர்ல சித்தப்பா எப்பிடி கீறாரு?" என்றேன். அவர் வடையை மென்றுகொண்டிருந்தார். மறுபடி கேட்டேன்.

"இன்னா?"

மூன்றாவது முறை கத்தித்தான் கேட்டேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நைனா தட்டைக் கீழே வைத்தார்.

"அங்க படத்துல பேசறது காதுல வுழுதுடா" என்றார். "ஒவ்வொரு வார்த்தையும் வுழுது."

ஷெட்டில் பாதி வயதைக் கழித்தவருக்குக் காது போயிருக்கும் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. ஒருவேளை தோன்றியிருக்கலாம், ஆனால் அதை ஒரு விஷயமாக எடுத்துக்கொண்டதில்லை. "என்னாண்ட சொல்லியிருக்கலாமில்ல நைனா?"

"நீ எங்க என்னைக் கேட்ட? வாங்கலாமா வாணாமான்னு ஊரெல்லாம் கேட்ட."

இதைச் சொல்லிவிட்டு வடையை எடுத்துக்கொண்டார். அவர் சொன்னது நியாயம் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் பல முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் வெள்ளைச் சட்டை போட்டு, தம்பிக்கு இல்லாத நோயை உண்டாக்கி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பி, அப்புறம் சுற்றுவழியாகக் கஜா வீட்டுக்குப் போன அந்த நடை என் நெஞ்சில் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கஜாவை அடுத்தவன் என்று தள்ளலாம். இவரை எங்கே தள்ள?

தீபாவளிக்கு நானும் வாங்கினேன். கஜா வைத்திருந்ததைவிடப் பெரியது. எல்லோரையும் நேரில் போய் அழைத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக, படம் பார்க்க வாங்க என்று வீடு வீடாகப் போய் அழைத்தேன். வந்தார்கள். விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி, அம்மாவிடம் நலம் விசாரித்து, காலை மடக்கி உட்கார்ந்து, இடைவேளையோடு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அதற்கடுத்த வாரம் நானும் நைனாவும் மட்டும். அவருக்குக் கேட்கட்டும் என்று சத்தத்தை ஏற்றி வைத்தேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "கஜா வூட்டாண்ட போய்ட்டு வந்துடறேன்" என்றார். இந்த முறை பொய் சொல்லவில்லை. அந்தப் பொய்யே தேவலாம் என்று இருந்தது எனக்கு.

அதன்பிறகு ஒரு சில வருஷங்களில் எல்லார் வீட்டுக்கும் டிவி வந்துவிட்டது, டிவிடியும் வந்துவிட்டது. கஜா வீட்டுக் கூட்டமும் கரைந்தது. அவனும் நானும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான். நைனா இறந்தபோது முதலில் வந்து நின்றவன் அவன். பாடைத் தேரில் அவர் தலைமாட்டுப் பக்கம் தோள் கொடுத்தான். எனக்கு அழுகை வந்தது. யாரை நினைத்து வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிறகு கஜா தன் மகன் வேலைக்காகப் பெங்களூருக்குக் குடிபோய்விட்டான். அன்வரின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள்.

எங்கள் தெருவில் இன்றைக்கு எல்லா வாசலிலும் கிரில் கேட். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு வீட்டு வாசலில்கூட அடுத்தவர் செருப்பு கிடக்காது.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கஜா ஆரணிக்கு வந்திருந்தான். மண்டபத்தில் நான் அவனைப் பார்க்கவில்லை. மத்தியானம் போன் அடித்தது. எங்கள் தெருமுனையிலிருந்துதான் பேசினான்; ஐஸ் வண்டிக்காரரின் மணி போனிலும் கேட்டது, ஜன்னல் வழியாகவும் கேட்டது. எழுந்து பார்த்தேன். முடி வெளுத்து, கையில் பழப் பை வைத்துக்கொண்டு, என் வீட்டைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

"வூட்ல கீறீங்களா?" என்றான். "வரலாமா?"