ஓவியம் அச்சடித்த எட்டு ரவிக்கைகள்

தையல் வேலையில் கை பழகிவிடும். கண்தான் பழகாது, தினம் ஒரு புதுத் துணி வந்து இறங்குகிறதே. முத்தையாபுரத்தில் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டிருக்கும் எனக்கு இப்போது வருவதெல்லாம் மாடர்ன் ஆர்ட் துணி. பூவும் இல்லை, கொடியும் இல்லை, வெறும் வண்ணம். தைக்கிற தங்கச்சிகளே, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

தின்னர்

என் வீட்டுக்காரர் படகுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். ஒரு டீச்சரின் சுடிதார் துணியை மேசையில் விரித்துவிட்டுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டப் போனேன். திரும்பி வந்தால், மனுஷன் கையில் பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்த கந்தலோடு குனிந்து நிற்கிறார். "எவனோ நல்ல துணியில பெயிண்டைத் தெறிக்க விட்டிருக்கான், பாவம்" என்கிறார். பாய்ந்து போய்ப் பிடுங்கினேன்.

தைத்ததை வாங்க வந்த டீச்சர், கொடியில் காய்ந்த என் வீட்டுக்காரரின் வேலைச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வருஷத்துப் படகெல்லாம் நீலமும் சிவப்புமாக அதில் இருந்தது. மெதுவாகக் கேட்டார்: "இந்தத் துணி எந்தக் கடையில எடுத்தீங்க?"

மேலே எது, கீழே எது

மாதா கோயில் பாடகர் குழுவின் தலைவி டெய்சி அக்கா, திருவிழாவுக்கு வெள்ளைச் சேலையோடு உடுத்த எட்டு ரவிக்கைக்குத் துணி கொண்டுவந்தார். நன்றாக முடிந்தால் குழுவின் கிறிஸ்மஸ் துணியும் எனக்கே. சொதப்பினால் டவுன் கடைக்குப் போய்விடும்.

விரித்தேன். பூவென்றால் காம்பு கீழே இருக்கும். இதில் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுபோலவே இருந்தது. "அக்கா, இதுல மேலே எது?" என்றேன்.

"எம் மக டிசைன் படிக்கால்லா, அவ எடுத்துத் தந்தது. சட்டம் போட்டு மாட்டுத ஓவியத்தத்தான் இப்ப துணி, திரைச்சீலை, பை எல்லாத்துலயும் அடிக்கானுவளாம். நானும் ஒன்னய மாதிரித்தான் கேட்டேன். 'அப்படில்லாம் கேக்கக் கூடாதும்மா'ன்னுட்டா!"

ஒட்டு

திருவிழாவுக்கு இரண்டே நாள். கடைசி ரவிக்கையைத் தேய்க்கும்போது பிள்ளை தொட்டிலில் வீறிட்டாள். ஓடினேன். திரும்புவதற்குள், சாய்ந்து கிடந்த இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பட்டு முதுகில் ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை. அதுவும் டெய்சி அக்காவுடையது! மீட்டர் கணக்கில் மிச்சம் இல்லை, வெட்டு விழுந்த துண்டுகள்தான். கட்டம் போட்ட துணியென்றால் என் கதை முடிந்திருக்கும். இதில் துண்டைச் சுற்றிச் சுற்றி வைத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் மஞ்சள் போய் மஞ்சளோடு சேர்ந்துகொண்டது. ஓரத்தை மடித்துக் கையாலேயே தைத்தேன்.

வாங்க வந்தவரிடம் மறைக்க மனசு வரவில்லை. "அக்கா, ஒண்ணுல ஒட்டுப் போட்டிருக்கேன்" என்றேன். முகம் மாறிவிட்டது. எட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒட்டே இல்லாத ஒரு ரவிக்கையை எடுத்து, "இதுதான? பாரு, டிசைன் ஒட்டாம முட்டிக்கிட்டு நிக்கி" என்றார். பிறகு தன்னுடையதை மார்போடு அணைத்துக்கொண்டு, "நல்லவேள, என்னுது தப்பிச்சிட்டு" என்றார்.

"அக்கா, ஒங்களோடதுலதான்."

திருப்பிப் பார்த்தார். தடவிப் பார்த்தார். அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "கிறிஸ்மஸ் துணியும் ஒங்கிட்டதான், ஏளா. ஆனா ஒட்டு எங்க இருக்குன்னு எம் மககிட்ட மட்டும் சொல்லிராத, அதுக்கும் ஒரு அர்த்தம் சொல்லுவா!"

பூப்போட்ட துணி நம் தப்பை ஊருக்கே காட்டிக்கொடுக்கும், இந்த மாடர்ன் ஆர்ட் மட்டும்தான் தப்பையும் டிசைனில் சேர்த்துக்கொள்கிறது.