நைஸ் என்றால் மடையன்

ரெட்டியார்பாளையத்து மாவு மில்லில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அது தோன்றியது. எனக்கு முன்னால் நின்ற அக்கா மில்காரரிடம், "நைஸா அரைச்சிக் குடுப்பா. போன வாட்டி கொரகொரன்னு இருந்துச்சி, முறுக்கே பிழிய முடியல" என்றார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆபீசில் என்னை அவமானப்படுத்திய சொல் அது.

நான் வழிகாட்டி. கடற்கரைக்குப் பின்தெருவில் ஒரு சின்னச் சுற்றுலா ஆபீஸ். வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு பிரெஞ்சுத் தெருக்களைச் சுற்றும் காலை நடை அப்போது என்னுடையது. ஒருநாள் ஆபீஸ் வாசலில், வயதான பிரெஞ்சுத் தம்பதியின் பையில் தொங்கிய அட்டையில் அவர்கள் ஊர்ப்பெயரை ஆங்கிலம்போலப் படித்து, "ஓ, யூ ஆர் ஃப்ரம் நைஸ்" என்றேன். அவர்கள் புன்னகைத்து விட்டுவிட்டார்கள். எங்கள் மூத்த வழிகாட்டி விடவில்லை. அவருடைய அப்பா பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஊர் வழக்கில் சொல்தா. அதனால் பிரெஞ்சு தன் வீட்டுச் சொத்து என்பது இவருடைய நினைப்பு.

"நீஸ்டா, நீஸ். நைஸ்னா டீக்கடைல சர்க்கரை தூவி விக்கிறானே, அந்த பிஸ்கட்டு."

அத்தனை பேர் முன்னால் சொன்னார். மறுநாளே காலை நடை அவர் கைக்குப் போனது. எனக்குக் கிடைத்தது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் டூர். "பிஸ்கட்டு, டீ சொல்லுடா" என்று வேன் டிரைவர் கூப்பிடும் அளவுக்கு ஆகிவிட்டது.

மில்லில் யோசித்தேன். மாவு நைஸ். வேலை சொன்னால் நைஸாக நழுவுகிறோம். காரியம் ஆக முதலாளி மேடத்திடம் நைஸ் பண்ணுகிறோம். எங்கிருந்து வந்தது இந்தச் சொல்? போனில் தேடினேன். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆங்கிலத்துக்கு அது பழைய பிரெஞ்சிலிருந்து போயிருக்கிறது. பிரெஞ்சுக்கு லத்தீனிலிருந்து. லத்தீனில் 'அறியாதவன்', பிரெஞ்சில் 'மடையன்'. ஆங்கிலத்துக்குப் போன புதிதிலும் மடையன்தான். பிறகு தொட்டதற்கெல்லாம் நொட்டை சொல்கிறவன், பிறகு மென்மை, நுணுக்கம் என்று உருண்டு உருண்டு கடைசியில்தான் 'நல்ல', 'இனிய' என்று ஆனதாம். நுணுக்கத்துக்கும் மில்லில் அரைபடும் மாவுக்கும் ஒரு உறவு இருப்பதாகக்கூட எனக்குப் பட்டது. அந்த ஊர்ப்பெயரின் மூலம் வேறு, கிரேக்கத்தில் வெற்றியாம். இருக்கட்டும். எனக்கு மடையன் போதும்.

மறுநாள் காலை மூத்த வழிகாட்டியிடம், "அண்ணா, நீங்க ரொம்ப நைஸ்ணா" என்றேன்.

"என்னடா, வந்ததும் நைஸ் பண்ற. லீவு வேணுமா?"

"இல்லண்ணா. மனசுல பட்டுச்சி, சொல்லிட்டேன்."

தினமும் சொன்னேன். தினமும் காலரைச் சரிசெய்துகொண்டார். கொஞ்ச நாள் அது தேனாக இனித்தது, அப்புறம் சப்பென்று ஆகிவிட்டது. திட்டு வாங்குகிறவனுக்கே அது திட்டு என்று தெரியவில்லையென்றால் பழிவாங்கி என்ன பயன்?

அதனால் ஒருநாள் டீ நேரத்தில், எல்லோரும் இருக்கும்போது, மேடத்திடம் ஆரம்பித்தேன். "மேடம், நைஸ்ங்கிறது பிரெஞ்சு வார்த்தை தெரியுமா? அண்ணன் வீட்டு மொழி."

"அப்படியா? என்ன அர்த்தம்?"

"மடையன் மேடம். ஒண்ணுந் தெரியாதவன். அதான் அண்ணனப் பாத்து டெய்லி சொல்றேன்."

டிரைவருக்கு டீ புரையேறியது. அண்ணன் காலர் பக்கம் போன கையைப் பாதியில் நிறுத்தினார். அந்த முகத்தை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுக்காது.

ஆனால் மேடம் சிரித்து முடித்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். "செமயா இருக்கே. நாளைலருந்து காலை வாக்ல இதச் சேத்துக்குங்க. கெஸ்டுங்க ரசிப்பாங்க."

அவர் சேர்த்துக்கொண்டார். "யூ ஆர் ஆல் வெரி நைஸ் பீப்பிள்" என்று சொல்லி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு அர்த்தத்தை அவிழ்ப்பார். கூட்டம் கைதட்டும். அவர் அறிவாளியாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டு எதிர்ப்பக்கத்து நடைபாதையிலிருந்து நான் அதைக் கேட்டேன். என் ஆயுதத்தை என் கையாலேயே கூர்தீட்டி அவரிடம் கொடுத்திருந்தேன்.

நேற்று அவரே தேடி வந்தார். "பிஸ்கட்டு, இதுமாரி இன்னொண்ணு இருந்தா குட்றா. ஞாயித்துக்கெழம பெரிய குரூப்பு. எல்லாம் ரிட்டயர்டு வாத்தியாருங்க. மேடமும் வர்றாங்க."

"இருக்குண்ணா. சில்லி."

"சில்லி சிக்கனா?"

"அது இல்லண்ணா. லூசுன்னு சொல்றமே, அந்த சில்லி. ஒரு காலத்துல அதுக்கு அர்த்தம் 'ஆசீர்வதிக்கப்பட்டவன்'. 'யூ ஆர் ஆல் சில்லி பீப்பிள்'னு ஆரம்பிங்க. தூக்கிடும்."

சொன்னது அத்தனையும் உண்மை. சொல்லாமல் வைத்துக்கொண்டது நடுவில் உள்ள பாதை. ஆசீர்வதிக்கப்பட்டவன் சூதறியாதவனாகி, சூதறியாதவன் பாவப்பட்டவனாகி, பாவப்பட்டவன் பலவீனனாகி, கடைசியில் முட்டாளாக முடிந்த கதை. நம் 'அப்பாவி' போகிற வழிதான் அதுவும். ஓய்வுபெற்ற வாத்தியார்கள் தங்களை முட்டாள் என்று சொன்னவனைச் சும்மா விடமாட்டார்கள். எப்படி மாறியது என்று கேட்பார்கள். கேட்டே தீர்வார்கள். அவருக்குப் பதில் தெரியாது.

ஞாயிறு எனக்கு விடுமுறை. சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். கூட்டத்தின் கடைசியில், மேடம் நிற்கும் பக்கமாகப் பார்த்து நின்றுகொள்ளப் போகிறேன். அவர் திணறட்டும். நன்றாகத் திணறிய பிறகுதான் பதில் சொல்லக் கையைத் தூக்குவேன்.