கேப்டன் அழகமுத்துவின் முழங்கால்

அழகமுத்துவின் முழங்காலுக்குக் கிடைத்த ராஜவைத்தியம் புளத்கொகுபிட்டியப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் வேறு எந்த முழங்காலுக்கும் கிடைத்ததில்லை. நாட்டு வைத்தியரின் எண்ணெய் ஒரு பக்கம், நிலாம் நானா கடைத் தைலம் ஒரு பக்கம். மனைவி கலைச்செல்வி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு வெள்ளியில் கால் செய்து போட்டாள். இத்தனைக்கும் அந்தக் காலில் ஒரு கோளாறும் கிடையாது.

விஷயம் வேறு. விடிந்தால் முந்நூறு மரம் பால் வெட்டுகிற மனுஷன், கீழ் டிவிசன் கிரிக்கெட் டீமுக்குக் கேப்டன், ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிற மட்டைக்காரர். தொண்ணூற்று நாலாம் வருடத்துப் பொங்கல் மேட்சில் மட்டையோடு இறங்கியவருக்கு நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சு முட்டி, கையெல்லாம் நடுங்கிவிட்டது. செத்தோம் என்றே நினைத்தார். என்ன ஏதென்று ஓடிவந்தவர்களிடம் வாயில் வந்த முதல் பொய்யைச் சொன்னார்: "முழங்கால்."

சொன்னது சொன்னதுதான். அதன்பிறகு மேட்ச் என்றாலே படபடப்பு வரும், அவரும் நொண்டுவார். அவசரத்தில் சில நாள் கால் மாறிவிடும். உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் சுவருக்குச் சுவர் ஒட்டிய லயத்து வீடுகளின் வாய் லேசுப்பட்ட வாயா? கேப்டனுக்குக் கழண்டுவிட்டது, அங்கொடைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு ஏற்றுங்கள் என்று மறுநாளே பாட்டுக் கட்டிவிடுவார்கள். அந்தப் பயம் மற்றப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

மூன்று வருடம் இப்படியே ஓடியது. தொண்ணூற்று ஏழில் டீவியில் சனிக்கிழமை சாயந்திரம் ஒரு சிங்களச் சிரிப்பு நாடகம் போனது. உருப்படாத ஒரு கிராமத்து கிரிக்கெட் டீம், அதைப் பழக்குகிற ஒரு மாஸ்டர். ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிற அந்த மாஸ்டர், மேட்ச் தொடங்கும் நேரம் பார்த்துக் கக்கூசுக்குள் புகுந்து கதவைப் பூட்டிக்கொள்வார். தோட்டத்துக் கிளப்பில் சனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

இங்கே பிறந்தவர்களுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. தலவாக்கலைப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த கலைச்செல்விக்கும், இன்னும் சில பெண்களுக்கும், வயதானவர்களுக்கும் அது ஓடாது. அவர்களுக்காக டீவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வசனத்துக்கு வசனம் தமிழில் சொல்வது அழகமுத்துவின் வேலை. குரலை மாற்றி, கையை ஆட்டிச் சொல்வார். மேட்சில் வராத தைரியமெல்லாம் அந்த ஸ்டூலில் வரும்.

அப்படி ஒரு சனிக்கிழமை; மறுநாள் மேல் டிவிசனோடு கோப்பை மேட்ச். அன்றைய நாடகத்தில் மாஸ்டர் கக்கூசிலிருந்து வெளியே வந்து, வாசலில் நின்ற மனைவியிடம் "மட்ட பயய்" என்றார்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார் அழகமுத்து. கிளப் சிரித்தது.

"நெஞ்சு அடிச்சுக்குது."

அதற்கும் சிரித்தார்கள். டீவியில் மாஸ்டர் அதோடு நிறுத்திவிட்டார். சோப்பு விளம்பரம் வந்தது. அழகமுத்து நிறுத்தவில்லை.

"மூச்சு முட்டுது. கேப்டன் கேப்டன்னு எல்லாரும் கூப்புடுறாங்க, எனக்கு எங்கயாச்சும் ஓடிப் போயிரலாம்னு இருக்கு. எனக்கே என்னா நடக்குதுன்னு வெளங்கல. பொண்டாட்டிகிட்ட பொய் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துப் போச்சு."

திரையில் ஒரு பெண் நுரை பொங்கத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது.

முன்வரிசையில் இருந்த செல்லையாக் கிழவருக்குச் சிங்களமும் வராது, பார்வையும் மட்டு. "ஏன்டாப்பா, அந்த மாஸ்டர் இம்புட்டா சொன்னாரு?" என்று கேட்டார்.

லொறி டிரைவர் ஹுஸைன் தொண்டையைச் செருமினார். அந்தக் கூட்டத்திலேயே நன்றாகச் சிங்களம் தெரிந்தவர் அவர்தான். "ஆமாங்க ஐயா, சொன்னாரு. இன்னும் கூடச் சொன்னாரு, கேப்டன்தான் சுருக்கிச் சொல்றாரு" என்றார்.

தப்பிப்பதற்கு வழி திறந்துவிட்டது. அழகமுத்து அதைப் பிடித்துக்கொள்ளத்தான் நினைத்தார். கலைச்செல்வியின் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"இல்லைங்க ஐயா. மாஸ்டர் சொல்லல. நான்தான் சொன்னேன்."

சொல்லிவிட்டு ஸ்டூலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அவமானத்தில் காது இரண்டும் எரிந்தன. கலைச்செல்வி பின்னாலேயே வந்தாள். பாதி வழியில் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மூணு வருசமா எண்ணெ தேச்சேனே" என்றாள்.

"மன்னிச்சுக்க கலை."

"எண்ணெ போனாப் போகுது. பக்கத்துலயே படுத்துக் கெடக்குறேன், என்கிட்ட சொல்றதுக்கு உங்களுக்கு டீவிக்காரன் வரணுமா?"

அவள் அழுதாள். அவரும் அழுதார். லயத்துக்காரர்கள் பார்ப்பார்களே என்றுகூடத் தோன்றவில்லை.

மறுநாள் டாஸ் போடுகிற நேரத்தில் வழக்கம்போலப் படபடப்பு தவறாமல் வந்துவிட்டது. அழகமுத்து இறப்பர் உலர்த்தும் புகைவீட்டுக்குப் பின்னால் சுவரில் கை ஊன்றிக் குனிந்து நின்றார். மேல் டிவிசன் கேப்டன் தேடிக்கொண்டு வந்தான்.

"அக்கா, அண்ணன் எங்க? டாஸ் போடணும்."

கலைச்செல்வி செம்புத் தண்ணீரோடு வழியை மறித்து நின்றாள். வீட்டுக்கு வந்த ஆளிடம், அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், உட்காருங்கள் என்று சொல்வாளே, அதே குரலில் சொன்னாள்:

"பயந்துகிட்டு இருக்காரு தம்பி. அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும், வந்துருவாரு."