பானெட்டின் நடுவில் ஒரு துண்டு பிலிம்

என் அம்மா சந்திரமதி, மலேசியாவில் ஜொகூர் மாநிலத்தின் ஸ்கூடாயில் ஒரு கடையில் ஒன்பது ஆண்டுகள் கார்களுக்குப் பிலிம் ஒட்டினார். கண்ணாடிக்கு ஒட்டும் கறுப்புப் பிலிம் அல்ல. பெயிண்டின் மேல் ஒட்டும் நிறமற்ற பிலிம். நெடுஞ்சாலையில் கல் தெறித்தால் அடி பிலிமுக்கு, பெயிண்டுக்கு இல்லை. சரியாக ஒட்டினால் ஒட்டியிருப்பதே தெரியக்கூடாது. அம்மா ஒட்டியது தெரியாது.

அவர் இறந்து மூன்று மாதமாகிறது. வயது ஐம்பத்தாறு. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மூளையில் இரத்தக் குழாய் வெடித்தது. இரண்டு நாள் மருத்துவமனையில் கண் திறக்காமல் கிடந்தார்.

அவரைப் பற்றி எழுதுவதென்றால் ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுத வேண்டும். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

அம்மா பெக்கோக் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பதினெட்டு வயதில் கூலாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தார். அங்கேயே இருபத்தொன்பது ஆண்டுகள். கடைசிப் பத்து ஆண்டுகள் கைப்பேசித் திரைகளின் மேல் பாதுகாப்புப் பிலிம் ஒட்டுகிற வரிசையில் இருந்தார். ஒரு திரைக்குப் பதினோரு விநாடி. அப்பா லாரி ஓட்டினார். எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அம்மாவின் சம்பளத்தில்தான் நான் பொறியியல் படித்தேன். நான் வேலையில் சேர்ந்த அதே ஆண்டில் தொழிற்சாலையை வெளிநாட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

வீட்டில் இருங்கள் என்றேன். கேட்கவில்லை. ஸ்கூடாய்க் கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, பேருந்து ஏறிப் போய்விட்டார். முதலாளி அமீர், அம்மாவைவிடப் பத்து வயது இளையவர். பொந்தியானில் அவர் குடும்பத்துக்குச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. இவர் மட்டும் கார் பக்கம் வந்துவிட்டார். அன்று நடந்த பேச்சை இருவருமே பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அம்மா வீட்டில் சொன்னார். அமீர் இழவு வீட்டில் சொன்னார்.

"அக்கா, இது கார் லா. ஹேண்ட்போன் இல்ல."

"பெருசா இருக்கு. அவ்வளவுதானே?"

"வளைஞ்சிருக்குக்கா."

"வளைஞ்சா என்ன தம்பி. அதுக்கும் ஓரம்னு ஒண்ணு இருக்கும்ல."

ஓரம்தான் அந்த வேலையில் கஷ்டம். பெயிண்டின் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்து, பிலிமை விரித்து, ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். நடுப்பகுதி யாருக்கும் வரும். ஓரத்தில் பிலிமை இழுத்து மடித்து உள்பக்கம் ஒட்டுவதில்தான் ஆள் தெரியும். அதிகம் இழுத்தால் இரண்டு மாதத்தில் சுருங்கி எழும்பும். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒட்டவே ஒட்டாது. அம்மா வேலை நாளில் தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டார். வளையலைக் கழற்றினார். கழுத்துச் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டு ஊக்குப் போட்டார். பெயிண்டில் உலோகம் படக்கூடாது. கடை மூடும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலை நிறைய எண்ணெய் வழியும். ஒரு ஆண்டில் பானெட்டை, அதாவது காரின் முன்மூடியை, தனியாகச் செய்தார். நான்காம் ஆண்டில் மற்றவர்கள் ஒட்டியதைச் சரிபார்க்கும் பொறுப்பு அவருக்கு வந்தது.

அமீருக்குத் தெரியாத ஒன்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. நம் ஆட்கள் புது வண்டி வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், பானெட்டுக்குச் சந்தனப் பட்டை, நடுவில் குங்குமம். பெயிண்டில் வைத்தால் துடைத்துவிடலாம். பிலிமில் குங்குமச் சாயம் உள்ளே இறங்கிவிடும். அப்படி இரண்டு வண்டிகள் திரும்பி வந்தபோது மற்றவர்களுக்குக் காரணம் புரியவில்லை. அம்மா வழி கண்டுபிடித்தார். வெட்டி எறியும் பிலிமில் உள்ளங்கை அளவு துண்டை எடுத்து, பானெட்டின் நடுவில், ஒட்டிய பிலிமின் மேலேயே ஒட்டிவிடுவார். பொட்டை அதன் மேல் வைத்துக்கொள்ளலாம். பூசை முடிந்ததும் துண்டை உரித்துவிட்டால் கறை அதோடு போய்விடும். உரிக்க வசதியாக ஒரு காகித நாடாவை வால் மாதிரி விட்டு, அதில் பால்பேனாவால் 'பொட்டு' என்று எழுதுவார்.

நான் சிங்கப்பூரில் பிளாஸ்டிக் பொருட்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் பொறியாளர். தினமும் கூலாயிலிருந்து போய் வருகிறேன். அலுவலகத்தில் யாராவது கேட்டால், அம்மா வீட்டில் இருக்கிறார் என்று சொல்வேன். முதல் தடவை ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. அடுத்தடுத்த தடவைகளில் முதலில் சொன்னதையே சொல்ல வேண்டியிருந்தது.

என் துறைத் தலைவர் லெட்சுமணன். அவரும் ஜொகூர்க்காரர், புக்கிட் இண்டாவில் வீடு. சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டு வெள்ளை நிறத்தில் ஒரு பெரிய கார் வாங்கினார். பிலிம் ஒட்ட நல்ல இடம் தெரியுமா என்று கேட்டார். ஸ்கூடாயில் ஒரு கடை இருக்கிறது என்றேன். அம்மாவைவிட நன்றாக ஒட்டுகிறவர் யாரையும் எனக்குத் தெரியாது. அவர் என் அம்மா என்பதை மட்டும் சொல்லவில்லை. வண்டி தயாரான வாரம் லெட்சுமணன் பினாங்குக்குப் போக வேண்டியிருந்தது. வண்டியை எடுத்து வீட்டில் விடும்படி என்னைக் கேட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை திரும்பியதும் கோயிலில் பூசை.

முதல் நாள் சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். "அங்க என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க வேணாம்."

அமீருக்கு என் முகம் தெரியாது. மகள் சிங்கப்பூரில் இஞ்சினியர் என்பது மட்டும் தெரியும்.

அம்மா தட்டைப் பார்த்தபடி கேட்டார். "சரி. என்னன்னு கூப்புடணும்? மிஸ்ஸா, மேடமா?"

"விளையாடாதீங்கம்மா."

"மேடம்னே வெச்சுக்கிறேன். படிச்ச புள்ள."

மறுநாள் கடையில் அவர் அப்படியே செய்தார். சீருடைச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"மேடம், கேட்டுக்குங்க. ஏழு நாளைக்கு வண்டி கழுவ வேணாம். உள்ள தண்ணி முட்டை மாதிரி தெரியும், குத்திடாதீங்க, தானா காஞ்சிடும். அப்புறம் கழுவுறப்ப வேகமா அடிக்கிற தண்ணிய ஓரத்துல காட்டாதீங்க. பறவ எச்சம் விழுந்தா அன்னிக்கே தொடைச்சிடுங்க. பூசை போட்டாச்சா?"

"வெள்ளிக்கிழமை."

"அப்ப பொட்டு இதுமேல மட்டும். ஐயருகிட்டயும் சொல்லிடுங்க. முடிஞ்சதும் உரிச்சிடணும். மறந்துடாதீங்க, மேடம்."

நான் தலையை ஆட்டினேன். கையெழுத்துப் போட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

வழியில் பெட்ரோல் போட ஒரு எண்ணெய் நிலையத்தில் நிறுத்தினேன். கழுவி எடுத்த மாதிரி மின்னும் வெள்ளைப் பானெட்டின் நடுவில் அந்தத் துண்டு. அதிலிருந்து தொங்கும் நாடா, அம்மாவின் கோணல் எழுத்தில் 'பொட்டு'. லெட்சுமணன் இதைப் பார்த்துச் சிரிப்பார் என்று தோன்றியது. எங்கிருந்து இந்தக் கடையைப் பிடித்தாய் என்று கேட்பார். உரித்து, சுருட்டி, குப்பைத் தொட்டியில் போட்டேன். அந்தப் பிலிமின் விவரத் தாளை நான் படித்திருந்தேன். மேல்பூச்சு கறை தாங்கும் என்று அதில் இருந்தது. எந்தக் கறை, எத்தனை மணி நேரம் என்பது இல்லை. வேறு யாராவது அப்படி ஒரு தாளைக் கொண்டுவந்தால் அதைத்தான் முதலில் கேட்பேன். அது என் வேலை.

லெட்சுமணனுக்குத் தகவல் அனுப்பினேன். ஏழு நாள் கழுவக்கூடாது, தண்ணீர்க் குமிழைக் குத்தக்கூடாது, ஓரத்தில் வேகமான தண்ணீர் கூடாது. பொட்டைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் துண்டைப் பற்றியும் எழுத வேண்டும்.

வெள்ளிக்கிழமை பூசை நடந்தது. ஐயர் மூன்று பட்டை சந்தனம் இழுத்து நடுவில் ஈரக் குங்குமம் வைத்தார். லெட்சுமணன் ஒழுங்கானவர். ஏழு நாள் கழுவக்கூடாது என்றால் கழுவமாட்டார். முதலில் வெயில், இடையில் மழை, மறுபடி வெயில். எட்டாம் நாள் கழுவியபோது மூன்று மஞ்சள் கோடுகளும் ஒரு சிவப்பு வட்டமும் போகவில்லை. கீழே இரண்டு சிவப்பு ஒழுகல்களும் இருந்தன.

கடைக்குப் போக என்னையும் கூப்பிட்டார். வண்டியில் கேட்டார். "நீதானே எடுத்துட்டு வந்த. பூசையப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்ல சார்."

அவ்வளவுதான். இரண்டு சொல்.

கடையில் அமீர் பானெட்டைப் பார்த்ததும் அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா வந்து குனிந்து கறையைப் பார்த்தார். துண்டு இருந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கா, பூசைக்குத் துண்டு ஒட்டினீங்களா இல்லியா?" என்று அமீர் கேட்டார்.

நான் லெட்சுமணனின் பக்கத்தில் நின்றேன். கைப்பை வாரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"மறந்துட்டேன் தம்பி," என்றார் அம்மா.

"நீங்களாக்கா?"

"மறந்துட்டேன்."

லெட்சுமணன் குரலை உயர்த்தவில்லை. "ஏம்மா, நீங்களும் நம்மாளுதானே? இதுகூடத் தெரியாதா? படிக்காதவங்கள வெச்சு வேலை வாங்கினா இப்படித்தான் வரும்." அமீரிடம் திரும்பி, "வேற ஆள் இல்லையா?" என்றார்.

"சாரி சார்," என்றார் அம்மா. அன்றே பிலிமை உரித்துப் புதிது ஒட்டிக் கொடுத்தார். நீராவியில் பசையை இளக்கி, நகத்தால் சுரண்டாமல், அங்குலம் அங்குலமாக. நாங்கள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறு மணி நேரம்.

அன்று மாலை வீட்டில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அது தானா விழுந்துச்சா, நீ எடுத்தியா?"

"எடுத்தேன்."

"அதானே. விழுற மாதிரி ஒட்டலியேன்னு பார்த்தேன்."

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. அடுத்த மாதம் பொந்தியானில் அமீர் இரண்டாவது கடையைத் திறந்தார். அதை அம்மா பார்த்துக்கொள்வதாக இருந்தது. முந்திய தீபாவளிக்கே பேசி வைத்திருந்தார்கள். அங்கே வாடகை வீடுகூடப் பார்த்துவிட்டு வந்திருந்தார், கடல் பக்கம். வேறு ஆளைப் போட்டார் அமீர். "எனக்கும் அவ்வளவு தூரம் முடியாது," என்றார் அம்மா. அந்த ஆண்டு அவருக்கு எந்த நோயும் இல்லை.

இழவு வீட்டுக்கு அமீர் கடை ஆட்களோடு வந்தார். கூடத்தில் என்னைப் பார்த்து ஒரு கணம் நின்றார். "நீங்கதான் அக்காவோட மகளா? அன்னிக்கு அந்த வெள்ளக் கார்ல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தபடி சொன்னார். "இந்த மாதிரி கை கெடைக்காது. ஒம்போது வருசத்துல ஒரே ஒரு தடவதான் மறந்தாங்க. யாருக்குத்தான் மறதி இல்ல."

அப்போது சொல்லியிருக்கலாம். அம்மா அங்கேயே கிடந்தார். "ஆமா," என்றேன்.

லெட்சுமணன் வரவில்லை. குடும்பத்தார் மட்டும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தேன். சுவரில் அம்மாவின் படம் பெரிதாக மாட்டியிருந்தது.

மூன்று மாதம் தூக்கம் சரியில்லை. சென்ற வெள்ளிக்கிழமை லெட்சுமணனின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன், சோதனை அறிக்கை சொல்வதைப் போல. துண்டு ஒட்டப்பட்டது. அறிவுரை சொல்லப்பட்டது. துண்டை எடுத்தது நான். அந்த அம்மா என் அம்மா.

அவர் கேட்டார். "நான் அவங்கள என்ன சொன்னேன்?"

சொன்னேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

"பக்கத்துல நின்னியே பிரவீனா."

"ஆமா சார்."

"போய் வேலையப் பாரு." அதன் பிறகு அவர் என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறார். அது சரிதான்.

சனிக்கிழமை ஸ்கூடாய் போனேன். அமீர் தேநீர் கொடுத்தார். அவரிடமும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"பொந்தியான் கடைக்கு அதனாலதான் நான் வேற ஆளப் போட்டேன். தெரியுமா?"

"தெரியும்."

"அப்பயே தெரியுமா?"

"தெரியும்."

எழுந்து பட்டறைப் பக்கம் போனார். கதவில் நின்று என்னை வரச் சொன்னார். உள்ளே நான்கு பேர் ஒரு நீலக் காரின் பானெட்டில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். இருவர் அம்மாவிடம் கற்றவர்கள். இருவர் புதியவர்கள்.

"புதுசா யாரு சேர்ந்தாலும் நான் இத சொல்லித்தான் ஆரம்பிப்பேன்," என்றார் அமீர். "சந்திரமதியக்காவே ஒரு தடவ மறந்தாங்க, நீங்க எம்மாத்திரம்னு. ஒன்றர வருசமா சொல்றேன். நானே மாத்திச் சொன்னா அக்காவுக்காக மூடி மறைக்கிறேன்னு நெனப்பாங்க. நீங்களே சொல்லுங்க."

ரப்பர் தகடுகளைக் கீழே வைத்துவிட்டு நால்வரும் திரும்பினார்கள். சொன்னேன். அலுவலகத்தில் வந்த வரிசை இங்கே வரவில்லை. எண்ணெய் நிலையத்தில் ஆரம்பித்து, பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தேன். மேடம் என்று அழைத்ததையும் சொன்னேன்.

தீபன் என்பவர் அம்மாவோடு ஆறு ஆண்டுகள் வேலை செய்தவர். அவர்தான் கேட்டார். "உங்களுக்குத்தான் பிளாஸ்டிக்கப் பத்தித் தெரியுமே. கறை புடிக்கும்னு தெரியாதா?"

"யோசிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"அப்புறம் ஏன் எடுத்தீங்க?"

"அதுல எங்கம்மா எழுத்து இருந்துச்சு," என்றேன். "வெட்கமா இருந்துச்சு."

பானெட்டில் தெளித்திருந்த தண்ணீர் காய ஆரம்பித்திருந்தது. காய்ந்தால் பிலிம் வீணாகிவிடும். தீபன் தெளிப்பானை எடுத்துக்கொண்டு திரும்பினார். மற்ற மூவரும் அவர் பின்னால் வேலைக்குப் போனார்கள்.