தனபால் அண்ணனின் சொந்த சர்வர்

1. நான் சொன்ன உதாரணம்

அம்பத்தூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருபது வருடமாக வெப்சைட் செய்து கொடுக்கிறேன். சைட் செய்வது பாதி வேலை. அதை எந்த மாதிரி சர்வரில் வைப்பது என்று வாடிக்கையாளருக்குப் புரியவைப்பது மீதிப் பாதி. இந்த இரண்டாவது பாதியில் நான் பட்ட அவஸ்தைகளில் பெரியது, பாடியில் ஸ்பிரிங் கம்பெனி வைத்திருக்கும் தனபால் அண்ணனால் வந்தது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

தனபால் அண்ணன் பிரஸ் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொந்தமாக ஷெட் போட்டவர். ஒரு பெரிய லாரி கம்பெனியின் சப்ளையர் பட்டியலில் சேர அவருக்கு வெப்சைட்டும் கம்பெனி பெயரில் மெயிலும் தேவைப்பட்டன. சேர்ந்துவிட்டால் ரெண்டாவது ஷிப்ட் ஓட்டலாம். சேராவிட்டால் பத்துப் பேரையாவது வேலையை விட்டு அனுப்ப வேண்டியிருக்கும் என்று முதல் நாளே சொன்னார்.

சைட் மொத்தம் ஆறு பக்கம். சைட்டை சர்வரில் குடிவைக்கும் இந்த ஹோஸ்டிங்கை விளக்க அப்போதெல்லாம் எல்லோருக்கும் ஒரே உதாரணம்தான் சொல்வேன். ஷேர்டு ஹோஸ்டிங் என்றால் ஒண்டுக்குடித்தனம், ஒரே சர்வரில் பல சைட்டுகள் குடியிருக்கும். வி.பி.எஸ். என்றால் அபார்ட்மென்ட்டில் ஒரு ஃப்ளாட். டெடிகேட்டட் என்றால் தனி வீடு. எனக்கே ரொம்பப் பிடித்த உதாரணம். "உங்க ஆறு பக்கத்துக்கு ஷேர்டு போதும் அண்ணே" என்று முடித்தேன்.

அண்ணன் முகம் மாறிவிட்டது.

"இன்னாம்மா சொல்ற? பதினெட்டு வருசம் ஒண்டுக்குடித்தனத்துல இருந்தவன் நானு. ஏழு குடும்பம், ஒரே பைப்பு. பல்லு வெளக்க க்யூவுல நின்னு, ஸ்கூலுக்கு லேட்டா போயி டெய்லி அடி வாங்குனேன். மறுபடியும் அங்கியே போவ சொல்றியா?"

"அண்ணே, இது நிஜ வீடு இல்ல..."

"எதுவா இருந்தா இன்னா? நம்ம கம்பெனி தனியா இருக்கணும். அதுவும் எவன் எடத்துலயோ வேணாம். ஃபேக்டரியிலயே ஒரு மிஷின் வாங்கி வச்சுரு."

கரன்ட் போகும், இன்டர்நெட் போகும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று எவ்வளவோ சொன்னேன். "யு.பி.எஸ். போட்டுக்கலாம். ஆளுங்க நாப்பது பேரு கீறானுங்களே" என்றார். நாற்பது பேரும் ஸ்பிரிங் சுற்றுகிறவர்கள். நான் இன்னும் அழுத்தமாக மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. ஒரு சர்வரை நானே முதலிலிருந்து நிறுவிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குள்ளும் இருந்தது.

2. செருப்பைக் கழற்றவும்

ஆபீஸுக்குப் பின்னால் பழைய ஃபைல்கள் கிடந்த சின்ன அறை சர்வர் ரூம் ஆனது. நல்ல நேரம் பார்த்துப் பூஜை போட்டார்கள். வாங்கி வைத்த சர்வர் பெட்டியில் காற்று போகும் ஓட்டைகள் மேல் மட்டும் சந்தனம் அப்ப வேண்டாம் என்று கெஞ்சி, பக்கவாட்டில் வைக்கச் சொன்னேன். கதவில் 'செருப்பைக் கழற்றவும்' என்று எழுதி ஒட்டினார் அண்ணன். யார் கம்பெனிக்கு வந்தாலும் அழைத்துப் போய் அந்தக் கறுப்புப் பெட்டியைக் காட்டுவார்.

"இதான் நம்ம வெப்சைட்டு."

வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

காலையில் பெரிய பிரஸ்ஸைப் போட்டால் வோல்டேஜ் குறைந்து மோடம் அணைந்துவிடும். அதற்கும் யு.பி.எஸ்.ஸிலிருந்து ஒரு வயர் இழுத்தேன். வாரத்துக்கு இரண்டு தடவை அம்பத்தூரிலிருந்து பாடிக்கு ஸ்கூட்டரில் ஓடினேன். ஆறு பக்க சைட்டுக்கு இவ்வளவு ஓடிய ஆள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

3. ஆடிட்

லாரி கம்பெனியிலிருந்து முரளிதரன் என்ற அதிகாரி ஆடிட்டுக்கு வந்தார். அதிகம் பேசாத மனிதர். அண்ணன் என்னையும் வரச் சொல்லியிருந்தார். ஷெட்டைச் சுற்றிப் பார்த்து, ஸ்பிரிங்கை டெஸ்ட் செய்து, ரெஜிஸ்டர்களைப் புரட்டி, எல்லாவற்றுக்கும் டிக் போட்டார். கடைசியாக மீட்டிங் ரூமில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார்.

"வெப்சைட் ஒண்ணுதான் பாக்கி. பேரு சொல்லுங்க."

அண்ணன் பெருமையாகச் சொன்னார். அவர் அடித்தார். வெள்ளைத் திரை சுற்றிக்கொண்டே இருந்தது.

"வரலையே?"

"வரும் சார். நம்ம சொந்த சர்வரு. கொஞ்சம் வெய்ட்டு ஜாஸ்தி" என்றார் அண்ணன். அப்படியே என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

நான் சர்வர் ரூமுக்கு ஓடினேன். கதவுக்கு வெளியே ஒரு ஜோடி செருப்பு ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே, ஆபீஸைப் பெருக்கித் துடைக்கும் குணசுந்தரி அக்கா புத்தம் புதிய எலெக்ட்ரிக் கெட்டிலின் முன் நின்றுகொண்டிருந்தார். யு.பி.எஸ்.ஸின் பிளக் தரையில் கிடந்தது. சர்வரில் ஒரு விளக்கும் எரியவில்லை.

"அக்கா! இன்னா பண்ணீங்க?"

"டீ போடறேம்மா. ஆபீசருக்குக் கடை டீ வேணாம், புதுசா போடுன்னு மொதலாளிதான் கெட்டிலு வாங்கியாந்தாரு. மத்த பிளக்குல எல்லாம் இது நுழையல. இங்க மட்டுந்தான் பெரிய ஓட்டை கீது."

"அதுக்கு? யு.பி.எஸ். பேட்டரில ஓடிட்டு இருந்திருக்குமே?"

"ஓடிச்சு. ஆனா கீ கீன்னு கத்திக்கினே இருந்துச்சு. ஊட்டுக்குப் பெரிய மனுசன் வந்துகீற நேரத்துல இன்னா சத்தம்னு, அமுக்கி ஆஃப் பண்ணிட்டேன்."

பிளக்கை மாட்டி சர்வரைப் போட்டேன். பாதி வேலையில் அணைத்துவிட்டதால் அது தன் டிஸ்க்கை முழுக்கச் சோதிக்கத் தொடங்கியது. எப்போது முடியும் என்று எனக்கே தெரியாது. நான் மீட்டிங் ரூமுக்குத் திரும்பியபோது அண்ணன், "மெயின்டனன்ஸ் சார், மாசா மாசம் பண்றது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பின்னாலேயே குணசுந்தரி அக்கா டீ டிரேயுடன் வந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"மொதலாளி மேல தப்பு இல்ல சார். உங்களுக்கு டீ போடத்தான் நான் அத்த ஆஃப் பண்ணேன்."

அண்ணன் தரையைப் பார்த்தார். முரளிதரன் ஒரு வாய் குடித்தார். பிறகு அன்று முதல் முறையாகச் சிரித்தார்.

"டீ நல்லா இருக்கும்மா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். "ஆனா ஒரு டீக்கு நிக்கிற சைட்டுக்கு நான் டிக் போட முடியாது. இதுல இருக்குற மெயிலுக்குத்தான நாங்க ஆர்டர் அனுப்பணும்? பத்து நாள் டைம் தரேன். சரி பண்ணுங்க."

4. கேட்க வேண்டியது

அவர் போன பிறகு, சைட்டின் வருகைப் பதிவை அண்ணனிடம் திறந்து காட்டினேன். ஒரு நாளில் சைட்டைத் திறந்தது மொத்தமே பத்துப் பன்னிரண்டு தடவை. அதில் முக்கால்வாசி ஒரே போனிலிருந்து.

"யாரும்மா அது?"

"நீங்கதாண்ணே. உங்க போட்டோ இருக்குற பக்கத்தையே பாத்துட்டு இருக்கீங்க."

அண்ணன் நெடுநேரம் சிரித்தார். பிறகு, "சரி, உன் இஷ்டம்" என்றார். சைட்டை ஷேர்டுக்கு மாற்றினேன். மெயிலை அதே இடத்தில் வைக்காமல் தனி மெயில் சர்வீஸில் போட்டேன். தினமும் தானாக பேக்கப் எடுக்க ஏற்பாடு செய்தேன். பத்தாவது நாள் முரளிதரன் தன் ஆபீஸிலிருந்தே திறந்து பார்த்து டிக் போட்டார். இரண்டு மாதத்தில் ரெண்டாவது ஷிப்ட் ஓடத் தொடங்கியது.

அதற்குப் பிறகு அண்ணன் பார்ப்பவரிடமெல்லாம் ஷேர்டு ஹோஸ்டிங் பற்றிப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்துவிட்டார். ஆவடியில் பேக்கரி வைத்திருக்கும் தன் நண்பர் பெஞ்சமினை என்னிடம் அழைத்து வந்து, "ஷேர்டே போதும் மாமே, சிஸ்டர் போட்டுக் குடுப்பாங்க" என்று அவரே முடிவும் சொன்னார். நான் இந்த முறை எதையும் விளக்கவில்லை. கேள்விதான் கேட்டேன். உங்க சைட்டுக்கு யார் வருவாங்க, எப்ப வருவாங்க, நின்னுபோனா யாருக்கு நஷ்டம்?

பெஞ்சமின் சொன்னார்: "வருசம் பூரா ஈயடிக்கும் சிஸ்டர். டிசம்பர்ல கிறிஸ்மஸ் கேக் ஆர்டர் திறப்போம். ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்ல கீற குடும்பம் மொத்தமும் ஒரே காலைல வந்து உழும். போன வருசம் அஞ்சு நிமிசத்துல சைட்டு படுத்துக்கிச்சு."

அவருக்கு ஷேர்டு ஒத்துவராது, கூட்டம் வரும் நாளில் மட்டும் பெரிதாக்கிக்கொள்ளும் கிளவுட்தான் சரி என்றேன். அண்ணனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

டிசம்பரில் ஆர்டர் திறந்த காலை சைட் ஒரு நொடிகூட நிற்கவில்லை. மதியம் பெஞ்சமின் போன் செய்தார்.

"சிஸ்டர், அடுப்பு தாங்காது. ஆர்டர நிறுத்துற பட்டன் எங்க கீது?"

அப்படி ஒரு பட்டனை நான் வைக்கவே இல்லை. இப்போதெல்லாம் அதையும் சேர்த்துக் கேட்டுவிடுகிறேன்.