பனிமேல் கழற்றிய தாலிக்கொடி

என் மகளுக்குக் கடலுக்கு அடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. குவைத்தில், ஃபஹாஹீலில், அவள் வீட்டில்தான் நானும் இருக்கிறேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனாலும் அவள் வேலையை யார் கேட்டாலும் சொல்லிவிடுவேன். தேங்காயைத் தட்டிப் பார்க்கிறோம் அல்லவா, அதுபோல இவர்கள் கடலடியைக் கரண்டால் தட்டுகிறார்கள். திரும்பி வருவதைப் பெட்டி கேட்டுக்கொள்ளும். அவ்வளவுதான்.

இங்கே கப்பலில் போய்ச் செய்வாள். போன வருஷம் உலகத்தின் வடகோடியில், கடலில் மிதக்கிற பனிமேல் நின்று செய்யச் சொன்னார்கள். அவள்தான் தலைவி. "பொம்பளைய அனுப்புறாங்க, உருப்பட்ட மாதிரிதான்" என்று ஆபீஸில் ஒருவர் அவள் காதுபடவே சொன்னாராம். அன்றிலிருந்து அது என் காரியமாகவும் ஆகிவிட்டது.

பனி ஒரு இடத்தில் நிற்காதாம். தெப்பம் மாதிரி நகர்ந்துகொண்டே இருக்குமாம். குறித்த இடத்தைத் தாண்டுவதற்குள் முடித்தாக வேண்டும். இரும்பு கிட்டே வந்தால் பெட்டி குழம்பும் என்று கத்தி, பெல்ட், போன் எல்லாவற்றையும் தூரத்தில் வைத்தாயிற்று. இருந்தும் இவள் பெட்டியருகே குனிந்தால் அதன் திரையில் ஓடுகிற கோடு துள்ளுகிறது, விலகினால் அடங்குகிறது. பனியோ போய்க்கொண்டே இருக்கிறது.

அப்போதுதான் கை கழுத்துக்குப் போயிருக்கிறது. தாலிக்கொடியில் ஊக்குகள்! நம் பெண்களில் யார் கழுத்தில்தான் ஊக்கு தொங்கவில்லை? விறைத்த விரலுக்கு ஊக்கு திறக்கவில்லை. கொடியோடு தலைவழியே உருவி, கூட இருந்தவரிடம் கொடுத்துத் தூரப் போகச் சொல்லிவிட்டாள். கோடு அடங்கியது. இடம் தாண்டுமுன் வேலையும் முடிந்தது.

மறுநாள் கப்பலிலிருந்து கூப்பிட்டாள். "எம்மா, தாலியக் கழட்டிட்டேன். ஏசாத. அவங்கட்ட நீயே சொல்லு."

மருமகன் என் பக்கத்தில்தான் இருந்தார். "இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன், எனக்கு என்ன? வேல முடிஞ்சுதா, அதச் சொல்லு."

"சுத்தமா முடிஞ்சுது."

"பொறவென்னட்டி அழுகை?" என்றேன் நான்.

கீழ்வீட்டுக்காரிக்குச் சேதி எட்டிவிட்டது. "என்னக்கா, தாலியக் கழட்டலாமா?"

"கழட்டுனா. கடலுக்கு அடியில கெடக்கறது தெரிஞ்சுது. நீ கழட்டாம இருக்கியே, ஒனக்கு என்ன தெரிஞ்சுது?"

மகள் வந்ததும் மருமகன் கையாலேயே கொடியைப் போடச் சொன்னேன். ஊக்குகளை மட்டும் எடுத்து என் வளையலில் கோத்துக்கொண்டேன். முந்தானைக்குக் குத்தும்போதெல்லாம், இது ஏது என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று பார்ப்பேன்.